நடுக்கத்திற்கு ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘அக்ரைஸ்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. இன்று அதனை எவரும் பேசுவதில்லை. அஞ்சத்தக்க ஒன்றைக் கண்டோ கேட்டோ உடல் குலுங்கி நடுங்குவதை அது குறித்தது. பழைய ஆங்கிலத்திலேயே வேர்கொண்ட அச்சொல், இடைக்கால ஆங்கிலத்தில் நன்றாக வழங்கிப் பின்னர் மெல்ல மங்கியது. ஆக்சுபோர்டு பேரகராதியின் முதற்பகுதி 1884-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, ஆங்கில நெடுங்கணக்கின் தொடக்கத்திலேயே வரும் சொல் ஆகையால், இதுவும் அதில் இடம்பெற்றது. ஆனால் அகராதிக்குள் புகுந்த அன்றே அது வழக்கிறந்த சொல்.

வினை இறந்தாலும் அதன் உறவினர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். கோரமான கொலைச் செய்திகளுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கிரிஸ்லி’ என்னும் அடைமொழியை இன்றும் இடுகின்றன. ‘கண்டார் நடுங்கத்தக்கது’ என்பதே அதன் பழம்பொருள். நடுங்குவதைச் சொன்ன வினை போய்விட்டது. நடுங்கச் செய்யும் பொருளுக்கு இட்ட பெயர் மட்டும் நிற்கிறது.

1400-இல் காலமான சாசர் என்னும் புலவர் இவ்வினையை ஓரிடத்தில் ஆண்டிருப்பது கருதத்தக்கது. அவருடைய கான்டர்பரிக் கதைகளுள் ஒன்றில், கடலில் ஒதுங்கிய பெண்ணொருத்தி கொலைப்பழி சுமந்து அரசன் முன் நிற்கிறாள். அவள் பட்ட பாட்டைக் கேட்ட அரசனின் நெஞ்சம் இரக்கத்தால் நடுங்கியதாகச் சொல்கிறார் புலவர். தனக்கு வந்த அச்சமன்று அது. பிறர் துயர் கண்ட நடுக்கம். ‘கேட்கவே ஈரக்குலை நடுங்குகிறது’ என்று நம் வீட்டுப் பெண்டிர் சொல்வது இதைத்தான் அன்றோ?

நம் தமிழில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பே, நாம், உரும் என்னும் மூன்றும் அச்சப் பொருளன என்று தொல்காப்பிய உரியியல் வகுக்கிறது. அதிர்வு, விதிர்ப்பு என்பன நடுக்கத்தைக் குறிக்கும் என்றும் அது கூறுகிறது. உரும் என்பது இடிக்கும் பெயர். இடியையும் அதைக் கேட்டு எழும் அச்சத்தையும் ஒரே சொல்லால் வழங்கியவர்கள், அச்சத்தைக் காதாலும் உடலாலும் அறிந்தவர்கள் என்றே நான் எண்ணுகிறேன். மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக எண்ணுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதாகிய ‘இறை’ அரசனையும் குறிக்கும். அரசுப்பணியில் மொழிபெயர்ப்பாளனாகக் காலந்தள்ளும் நான் இதை மறுத்துரைக்கப் போவதில்லை.

இவற்றுள் இன்று நம் நாவில் எஞ்சியவை எத்தனை? ‘பே’ போயிற்று, அதனோடு உறவுடையதாகக் கருதப்படும் ‘பேய்’ நிற்கிறது. ஆங்கிலத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது: அச்சம் மறைந்து, அச்சுறுத்துவது தங்கிவிட்டது. ‘அஞ்சு’ என்பதும் பேச்சில் அருகிவிட்டது, ‘பயப்படு’ என்கிறோம். அலுவலகத் தாள்களில் ‘ஹாரர்’ என்னும் சொல் வரும்போதெல்லாம் நான் ‘பயங்கரம்’ என்று எழுதி அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறேன். இலத்தீனில் அதன் மூலச்சொல் மயிர் குத்திட்டு நிற்பதைக் குறித்தது. என் மொழிபெயர்ப்பில் எந்த மயிரும் சிலிர்ப்பதில்லை.

ஆயினும் பெங்களூரில் வாழும் தமிழருக்கு ஒரு பேறு உண்டு. நம் வீட்டில் தொலைந்த பண்டம் சிலபோது அடுத்த வீட்டில் கிடைக்கிறது. கன்னடத்தில் ‘அஞ்சு’ என்னும் வினை இன்றும் உண்டு. வடகர்நாடகத்தாரின் பேச்சில் அதை இயல்பாகக் கேட்கலாம். நம் ‘நடுங்கு’ அங்கே மெல்லினம் நீங்கி ‘நடுகு’ என்று நிற்கிறது. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும் என்பது மொழிநூல் கண்ட விதி. வேர் ‘பேரு’ ஆகும். விலை ‘பெலெ’ ஆகும். வேண்டும் என்பதற்கு நேராகப் ‘பேகு’ நிற்கும். இந்த ‘ப’வை ‘பந்து’ என்பதில் போல மெலிவித்துச் சொல்ல வேண்டும். நம் நூல்களில் உறங்கும் விதிர்ப்பும் வெதிர்ப்பும் கன்னடர் நாவில் ‘பெதரு’ என்று விழித்திருக்கின்றன என்றே கொள்கிறேன். வெடிகுண்டு மிரட்டல் என்று நாம் எழுதும் செய்தியை இவ்வூர்க் கன்னட நாளேடுகள் ‘பெதரிகெ’ என்று தலைப்பிட்டு எழுதுகின்றன. இத்தகைய உறவுச் சொற்களைத் தேடித் தொகுத்தவருள் பாதிரியார் கிட்டல் தலையாயவர். 1894-இல் மங்களூரில் அச்சான அவருடைய கன்னட அகராதியைப் புரட்டினால், கன்னடச் சொற்களின் அருகே தமிழ்ச் சொற்கள் தங்கள் உடன்பிறப்புகளோடு அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இவ்விதியை நான் நூலிற் கற்கவில்லை, கதவிற் கற்றேன்.

1990-களில் பெங்களூரில் ஒரு பேய்க்கதை பரவியது. இரவில் ஒரு பெண்பேய் தெருத்தெருவாக வருமாம், வீட்டாருக்குப் பழகிய ஒருவரின் குரலில் பெயர் சொல்லிக் கதவைத் தட்டுமாம், திறந்தவர் பிழைக்கமாட்டாராம். அதை ஏய்க்க மக்கள் ஒரு வழி கண்டார்கள். கதவிலும் சுவரிலும் ‘நாளெ பா’ என்று எழுதிவைத்தார்கள். பேய் அதைப் படித்துத் திரும்பிச் செல்லும். மறுநாள் வந்து மீண்டும் படிக்கும். (அலுவலகங்களில் மனுவோடு வருகிறவர்களை நாங்கள் அனுப்பிவைக்கும் முறையும் இதுவே.)

அப்போது நான் சிறுவன். என் தாய்க்குக் கன்னடம் எழுதத் தெரியாது. அடுத்த வீட்டு அம்மையாரே சாக்குக்கட்டியால் எங்கள் கதவில் எழுதித் தந்தார். என் தாய்க்கு ஓர் ஐயம் தீரவில்லை: “நம்மைத் தேடி வருவது தமிழிலே கூப்பிடுமே, அதுக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமா?” அந்த வாரத்திலேயே ஓரிரவு, இரண்டாம் முறை வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் வந்த என் தந்தை கதவைத் தட்டி அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். அம்மா திறக்கவில்லை. என்னை மடியோடு இறுக்கிக்கொண்டாள். அவள் உடல் வெடவெடவென்று ஆடியதை என் முதுகு உணர்ந்தது. எந்த அகராதியிலும் நான் அந்தப் பொருளை அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. அவர் மீண்டும் அழைத்தார். ஒவ்வோர் அழைப்பும் அவர் குரலாகவே இருந்ததுதான் கொடுமை. கடைசியில் அடுத்த வீட்டு அம்மையார் விளக்கோடு வெளியே வந்து, அவரைப் பார்த்துவிட்டு, எங்கள் சன்னலருகே நின்று, “ஹெதரபேடி அம்மா, நிம்ம யஜமானரே” என்றார். அஞ்சாதீர்கள், உங்கள் வீட்டுக்காரர்தான் என்பது பொருள். அதைச் சொன்ன அவர் குரலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் உணவு உண்டார். மறுநாட் காலையில் என் பள்ளிப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, கன்னட வரிக்குக் கீழே தமிழில் ‘நாளை வா’ என்று எழுதினார். “பார்த்தாயா, பாவுக்கு வா” என்று சொல்லி, இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படிக்கச் சொன்னார். மழைக்காலம் வரும்வரை இரண்டும் அந்தக் கதவில் இருந்தன.