அருகிலிருந்த பகையும் தொலைவிலிருந்த பகையும்



1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்ஸன் பீக்கிங் நகரில் வந்திறங்கினார். அன்றே சீனக் கம்யூனிஸ்டுத் தலைவர் மா-சே-துங்கைக் கண்டு பேசினார். 1950 முதல் 1953 வரை கொரியாவில் இவ்விரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் போரிட்டவை. அமெரிக்க வல்லரசைக் காகிதப் புலியென்று 1946-இலேயே இகழ்ந்தவர் மா-சே-துங். அத்தகையவர் அந்நாட்டுத் தலைவரின் கையைப் பற்றியது எங்ஙனம்? நான் வகுப்பில் வரலாறு கற்பித்த நாட்களில் மாணவர் பலர் என்னை இவ்வாறு வினவியதுண்டு. கொள்கையைக் கைவிட்டார் என்பது எளிய விடை. எனக்கு அது போதவில்லை.

அவர் சோவியத் ருஷ்யாவை எவ்வாறு கண்டார் என்பதில்தான் விடை இருக்கிறது. 1950-இல் இரு நாடுகளும் முப்பதாண்டு நட்புடன்படிக்கை செய்துகொண்டன. 1956-இல் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்தார். உறவு கசக்கத் தொடங்கியது. 1960-இல் ருஷ்ய வல்லுநர்கள் சீனத்தினின்றும் திருப்பி அழைக்கப்பட்டனர். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவில் புகுந்தன. சோஷலிச நாடொன்று நெறி தவறினால் தலையிட உரிமையுண்டு என்று மாஸ்கோ வாதித்தது. நாளை இதே வாதம் நம்மீதும் பாயாதா என்று பீக்கிங் அஞ்சியதில் வியப்பென்ன? 1969 மார்ச்சில் உஸூரி ஆற்றிலுள்ள சிறு தீவொன்றில் இரு நாட்டு வீரர்களும் சுட்டுக்கொண்டு மடிந்தனர்.

அவ்வாண்டில் சென் யீ முதலான நான்கு மூத்த படைத்தலைவர்களை உலக நிலையை ஆராயுமாறு மா-சே-துங் பணித்தார். அமெரிக்காவினும் ருஷ்யாவே சீனத்துக்கு மிகுந்த அபாயம் என்று அவர்கள் கண்டனர். தொலைவு நாட்டோடு நட்புக்கொண்டு அண்டை நாட்டை எதிர்ப்பது சீனத்தின் பழைய போர்த்தந்திரம்.

எனினும், இருபதாண்டுகளாகத் தூதுறவு இல்லாத நாட்டுக்கு மனக்கருத்தை எவ்வாறு உணர்த்துவது? 1970 அக்டோபர் 1-ஆம் நாள் நடந்த தேசியத் திருநாளில் எட்கர் ஸ்நோ என்னும் அமெரிக்க எழுத்தாளரைத் தம்மருகே மேடையில் நிற்கச் செய்தார் மா-சே-துங். அப்படம் டிசம்பர் 25-இல் சீனக் கட்சி நாளிதழின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. வாஷிங்டனுக்கோ அதன் பொருள் விளங்கவில்லை! குறிப்பு மிக நுண்ணியதாய்ப் போயிற்று என்று நிக்ஸனின் ஆலோசகர் கிஸிஞ்சர் பிற்காலத்தில் எழுதினார்.

1971 ஏப்ரலில் வேறொரு வாயில் திறந்தது. ஜப்பானில் நகோயா நகரில் உலக மேஜைப் பந்தாட்டப் போட்டி. அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் சீனக் குழுவின் பேருந்தில் ஏறிவிட்டார். சீன வீரர் சுவாங் சே-துங் அவருக்குப் பட்டுத்துணி ஒன்றைப் பரிசளித்தார். அமெரிக்கக் குழுவைச் சீனத்துக்கு அழைக்க வேண்டாமென்ற வெளிநாட்டு அமைச்சகத்தின் கருத்துக்கு மா-சே-துங் முதலில் இசைந்திருந்தார். அன்றிரவு தூக்க மருந்து உண்டபின் மனம் மாறி, அழைக்குமாறு செவிலியிடம் கூறினார். மருந்துண்டபின் தாம் சொல்வதைப் பொருட்படுத்தலாகாது என்பது அவரே இட்ட கட்டளை! செவிலி தயங்கினார், அவரோ வற்புறுத்தினார். அழைப்பு சென்றது. நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் நான் படித்த அரசதந்திர நிகழ்ச்சிகளில் இத்துணை விந்தையானது வேறில்லை.

ஜூலையில் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக மறைவாகப் பீக்கிங் சென்றார். இங்கேதான் இக்கதை நம் நாட்டைத் தொடுகிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமாய் வந்துகொண்டிருந்த வேளை அது. பாகிஸ்தானின் நண்பர்களாகிய அமெரிக்காவும் சீனமும் நெருங்குவதைப் புதுடில்லி கவலையோடு கண்டது. முன்பே பேச்சிலிருந்த இந்திய-சோவியத் உடன்படிக்கை விரைந்து முடிந்து, 1971 ஆகஸ்டு 9-இல் கையெழுத்தாயிற்று. டிசம்பரில் போர் மூண்டபோது அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. சீனம் தன் படையை இமயத்தில் நகர்த்தவில்லை. அதன் வட எல்லைக்கப்பால் ருஷ்யப் படைகள் திரண்டு நின்றிருந்தன.