சோழவரத்து ஓடுபாதை

சென்னையிலிருந்து வடக்கே செங்குன்றம், சோழவரம், காரனோடை ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்கின்ற பெருவழியில், ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளும், வேலைமுறை மாறும் வேளைகளில் விரைந்தோடும் தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்களுமே இன்று கண்ணில் படுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில், சென்னை மாநகரத்தின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் ஒன்றினால் பெயர் பெற்ற ஊர் சோழவரம். அவ்வூர் ஒரு தலைமுறைக் காலம் மற்றொரு காரணத்தாலும் நாடெங்கும் அறியப்பட்டிருந்தது. இந்திய நாட்டின் மோட்டார் பந்தயங்களுக்கு அதுவே தாயகமாக விளங்கிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காக அங்கே ஓடுபாதை அமைக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் சப்பானியர் குண்டு வீசியதும், அச்சத்தால் சென்னை மக்கள் நகரைக் காலி செய்து வெளியேறியதும் வரலாறு. போர் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. 1953 இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிய பின்னர், அந்த வெற்று ஓடுபாதையே பந்தயக் களமாயிற்று. ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்கே கூடினர். 1955 முதல் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் முதலிய வண்டிகளை, வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்நாளில், தம் கைத்திறத்தாலேயே வேகமேற்றிக்கொண்டு இளைஞர்கள் வந்து இறங்கினர்.

பந்தயத்துக்கு ஓடுபாதை ஏன்? சாலையில் ஓட்டினால் ஆகாதா? இவ்வினாவுக்கு விடை காண, நாம் சிறிது பின்னோக்கியும் சிறிது தொலைவாகவும் செல்ல வேண்டும்.

மோட்டார் பந்தயம் பிறந்ததே பொதுச் சாலையில்தான். 1903 மே மாதத்தில் பாரிசிலிருந்து மாட்ரிட் நகருக்கு ஒரு பெரும்பந்தயம் தொடங்கிற்று. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் புறப்பட்டன. சாலையின் இருமருங்கிலும் நின்ற மக்களுக்கு, வருகின்ற வண்டியின் வேகம் எத்தகையது என்பதே தெரியாது. ஓட்டியவரும் மாண்டனர், வேடிக்கை பார்த்தவரும் மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த உடன்பிறந்தாருள் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் உயிரிழந்தார். பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டது.

இங்கிலாந்தில் சாலை வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் என்று அந்நாளைய சட்டம் வரையறுத்திருந்தது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை அடைக்கவும் பாராளுமன்றம் இசையவில்லை. ஆகவே பந்தயக்காரர்கள் ஐரிஷ் கடலின் நடுவே தனக்கெனச் சட்டமன்றம் உடைய மான் தீவை நாடினர். 1907 மே 28 ஆம் நாள், அத்தீவில் இன்றும் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக நடந்தது. வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீட்டர். இன்று பள்ளி மாணவர் நகைக்கக்கூடிய வேகம்! 1911 இல் பந்தயம் மலைப்பாதைக்கு மாறிற்று. அவ்வாண்டு பயிற்சியின்போதே விக்டர் சரிட்ஜ் என்ற இளைஞர் இறந்தார். அன்று தொடங்கிய பட்டியலில் இன்று 260-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. 2022 ஆம் ஆண்டுப் போட்டி மட்டும் 6 உயிர்களைக் கொண்டது. அப்பாதையின் சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஊர்களினூடே செல்லும் அவ்வழியின் ஓரங்களில் கற்சுவரும் வீட்டு வாயிலும் விளக்குக் கம்பமும் நிற்கின்றன. அங்கே இக்காலத்து வீரர் ஒரு சுற்றை மணிக்கு 215 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் முடிக்கின்றனர்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவன் தரையில் சறுக்கி நிற்பதற்கு வேண்டும் தொலைவைப் போல் நான்கு பங்கு, 120 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவனுக்கு வேண்டும். அவ்வாறு சறுக்குவதற்கு வெற்றிடம் இருந்தால், தோல் உடை அணிந்தவன் சிராய்ப்புகளோடு எழுந்து நடப்பதும் உண்டு. பெரும்பாலும் அவனைக் கொல்வது வீழ்ச்சியன்று. வீழ்ச்சிக்குப்பின் எதிர்ப்படும் சுவரும் மரமும், பின்னால் வரும் வண்டியுமே ஆகும். ஓடுபாதையின் பெருமை இதில்தான் இருக்கிறது. அகலமான சமதளம், அருகே மரமில்லை, மதிலில்லை. சோழவரத்தைத் தேர்ந்தவர்கள் எதனை எண்ணித் தேர்ந்திருப்பினும், பொதுச் சாலையிலிருந்து பந்தயத்தைப் பிரித்துவிட்டனர் என்பது மெய்.

மேலை நாட்டார் இதனை நம்மைவிட விரைவில் செய்துவிட்டனர் என்று கருதவேண்டா. 1972 இல் ஈரமான மான் தீவுப் பாதையில் ஜில்பெர்டோ பர்லோட்டி என்னும் இத்தாலிய வீரர் இறந்தார். அவருடைய நண்பரும் பன்முறை உலக வாகை சூடியவருமான ஜாக்கமோ அகொஸ்தினி, இனி அத்தீவில் பந்தயத்தில் இறங்கேன் என்று அறிவித்தார். வேறு பலரும் ஒதுங்கினர். அஞ்சாமையால் புகழ்பெற்ற ஒருவர், புகழையும் பரிசையும் விடுத்து மறுத்து நின்ற அந்தச் செயலை, அவருடைய வெற்றிகளுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கிறேன். 1976-க்குப் பிறகு அப்பந்தயம் உலகப் போட்டித் தகுதியை இழந்தது. 1977 இல் பிரிட்டனுக்குரிய உலகப் போட்டி எங்கே சென்றது தெரியுமா? சில்வர்ஸ்டோன் என்னும் இடத்துக்கு. அதுவும் போர்க்கால விமானத் தளமே! ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பே சோழவரத்தில் நிகழ்ந்ததுதான் அங்கே அப்போது நிகழ்ந்தது. மான் தீவுப் பந்தயமோ நிற்கவில்லை. உலகப் பட்டம் இல்லாமலே இன்றும் நடைபெறுகிறது. வீரர்களும் தாமே விரும்பிச் செல்கின்றனர்.

தாமே விரும்பி என்ற சொல்லில்தான் அறத்தின் சிக்கல் உள்ளது. தன் உயிரைத் தானே பணயம் வைப்பவனைத் தடுக்கப் பிறருக்கு உரிமை உண்டா? தமிழருக்கு இவ்வினா புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலைப் புகழ்ந்து பாடுகிறது. கொம்பால் குத்துண்டு குடர் சரிந்த இளைஞரையும் அதே பாட்டுகள் மறைக்காமல் காட்டுகின்றன. துணிவை விரும்பிய சமுதாயம் அதன் விலையையும் கண்கொண்டு பார்த்தது. பந்தயத்தை முற்றும் பழிப்போர் இத்துணிவின் மதிப்பை உணர்வதில்லை. முற்றும் போற்றுவோர் அந்த விலையைப் பேசுவதில்லை. விலையைக் கொடுப்பவன் வீரன் மட்டுமா என்பதையும் கேட்க வேண்டும். 1957 இல் இத்தாலியில் பொதுச் சாலையில் நடந்த மில்லே மில்யா கார்ப் பந்தயத்தில் ஒரு வண்டி நிலைதவறிக் கூட்டத்தில் பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த 9 பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அக்குழந்தைகள் எந்த உறுதிப் பத்திரத்திலும் கையெழுத்து இட்டவர்கள் அல்லர்.

பந்தயத்தால் உலகத்துக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயக் களத்தில் மருத்துவராகப் பணியாற்றிய எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருவோரைக் கண்டு கண்டு மனம் நொந்து, கித்தான் துணியும் அரக்கும் கொண்டு ஒரு தலைக்கவசம் செய்வித்தார். 1914 இல் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர், போரில் செய்தி சுமந்து மோட்டார் சைக்கிளில் சென்ற படைவீரரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் கவசத்தின் பயனை எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் தலைக்கவசத்துக்கு முன்னோடி அந்தக் கித்தான் கவசமே. அதனைப் பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்த்திக்கொண்டு, வெறுந்தலையோடு விரைபவரை எந்தச் சாலையிலும் காணலாம்!

1990 இல் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட களம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது. திருப்பங்களின் ஓரத்தில் சறுக்கி நிற்க இடம், தடுப்புகள், மருத்துவ வண்டி ஆகிய வசதிகளோடு அமைவன இத்தகைய களங்கள். ஆயினும் 2023 ஆகஸ்டு 5 ஆம் நாள் அங்கே தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். எஞ்சிய போட்டிகள் நிறுத்தப்பட்டன.

களம் நன்றாயிருப்பினும் தீராத வினாவை அந்த மரணம் எழுப்புகின்றது. நம் சட்டப்படி கியர் உள்ள மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். களத்தினுள்ளோ அதனினும் இளையோர் போட்டியிடுகின்றனர். இளமையிலேயே பழகாவிடில் உலக வீரராக முடியாது என்று பயிற்சியாளர் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 13 வயதில் தரும் இசைவு யாருடைய இசைவு? பெற்றோருடையதா, பயிற்சியாளருடையதா, சிறுவனுடையதா? 2021 ஆம் ஆண்டில் ஐரோப்பியக் களங்களில் 19, 15, 14 வயதுடைய மூன்று வீரர்கள் அடுத்தடுத்து மாண்ட பின்னரே, உலகப் போட்டியில் நுழைவதற்கு 2023 முதல் 18 வயது என விதி செய்தனர். பெரியோர் ஆபத்தை விரும்பி ஏற்பதை நான் தடுக்கச் சொல்லேன். சிறுவர் திறனைக் குறைந்த வேகமுள்ள சிறு வண்டிகளில் வளர்க்கலாம். வேகத்துக்கு அவர்கள் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும் என்பதே என் கருத்து.

இனி, தொடங்கிய பெருவழிக்கே மீள்வோம். 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றோர். பந்தயக் களங்களின் சாவு இதன்முன் கடுகளவே. ஆயினும் பொதுச் சாலையையே பந்தயக் களமாக்கி, நண்பன் படம் பிடிக்க வண்டியை விரட்டும் இளைஞர் 1903 ஆம் ஆண்டுக்கே திரும்பிச் செல்கின்றனர். மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. மீண்டும் செய்தால் சிறை ஓராண்டு வரை நீளும். இரவு வேலை முடித்துக் கும்மிடிப்பூண்டி ஆலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி அதே சாலையில் எதிரே வருகிறார். அங்கே ஒரு பந்தயம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.