ஒருவர் கையில் மூன்று மேளம்

ஜாஸ் இசையில் நாம் கேட்கும் வாத்தியங்களில் பெரும்பாலானவை ஜாஸுக்கென்று பிறந்தவை அல்ல. ட்ரம்பெட், ட்ரொம்போன், கிளாரினெட் மூன்றும் ராணுவ பேண்டில் ஒலித்தவை. பெல்ஜியக்காரரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றபோது ஜாஸ் என்ற பேச்சே இல்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்கள் இவற்றைத் தம் குரலுக்கு வளைத்தார்கள். பின்னாளில் ஜாஸ் மேதையான லூயி ஆம்ஸ்ட்ரோங் சிறுவனாகக் கோர்னெட்டை முறையாகப் பழகியது 1913இல், ஒரு சீர்திருத்த இல்லத்தில்.

ட்ரம்ஸின் கதை வேறு. வீதி ஊர்வலத்தில் பெரிய மேளம், சிறிய மேளம், தாளத்தட்டு ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் அடித்தார்கள். நடன மண்டபத்துக்குள் அத்தனை பேருக்கு இடமில்லை, கூலி கொடுக்கவும் ஆளில்லை. ஒருவரே உட்கார்ந்து மூன்றையும் அடிக்க வேண்டியதாயிற்று. 1909இல் லுட்விக் சகோதரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த கால்மிதி, பெரிய மேளத்தைக் காலிடம் ஒப்படைத்து இரு கைகளையும் விடுவித்தது. ஜாஸ் தனக்கென்றே உருவாக்கிக்கொண்ட வாத்தியம் இதுதான் என்பேன்.

இலங்கை மலையகத்தின் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது அந்த ஊதுகருவிகளின் கதைக்கு நேர்மாறு. நியூ ஓர்லியன்ஸில் ஆண்டவர்களின் கருவியை ஆளப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தப்பு என்ற தோல் மேளத்தை, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டத் தோட்டத் துரைமார் பயன்படுத்தினார்கள். ஆனாலும் தப்பு அவர்களுடையதாகிவிடவில்லை. நெருப்பில் காய்ச்சிய அதே தோல்தான் மாசியில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் பேசியது. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் தனித்தனி வேலை பார்க்க, ஒரே ஆள் இரு குரலை எழுப்புவதைக் கேட்டவர்களுக்கு ஜாஸ் ட்ரம்மரின் கைத்திறன் அந்நியமாகத் தோன்றாது.

1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தம் குழுவோடு சென்னைக்கும் இலங்கைக்கும் வந்தார். பியானோ, ஆல்ட்டோ சாக்ஸபோன், டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று நான்கே வாத்தியங்கள். சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை அவர்கள் சந்தித்தார்கள். நம் தாள ஞானத்துக்கு உலகக் கலைஞர்களே காது கொடுத்தார்கள். நாமோ தப்பின் மேல் சாதி இழிவைச் சுமத்தி, நம் பிள்ளைகளை அதை விட்டு விலக்கி வைத்தோம். இது பெரும் அநீதி.

தோட்டப் பாடசாலை இசை ஆசிரியர்களை வேண்டிக் கேட்கிறேன்: பெரட்டு அடி, கூத்து அடி, சாவு அடி அறிந்த மூத்த கலைஞர்களை வகுப்பறைக்கு அழையுங்கள். அவர்களுடைய அடிகளை இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்யுங்கள்.