இராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரையும் கணித இதழ்களும் (1911 – 1919)

சீனிவாச இராமானுஜன் (1887 – 1920) கண்டறிந்த கணித முடிவுகளைப் பற்றித் தமிழில் பல நூல்கள் வந்துள்ளன. அம்முடிவுகள் எவ்வாறு ஆய்விதழ்களில் அச்சேறின என்பது குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு முடிவைக் கண்டறிவது ஒரு பணி; அதைப் பிறர் படித்து, சரிபார்த்து, ஏற்றுக்கொள்ளும் வகையில் எழுதுவது வேறொரு பணி. முதல் பணியில் இராமானுஜனுக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. இரண்டாவது பணியை அவர் சென்னையிலும் கேம்பிரிட்ஜிலும் பலரது துணையோடு கற்றுக்கொண்டார். இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

இந்தியாவில் ஒரு கணித இதழ்

1907ஆம் ஆண்டில் கூத்தி என்னும் ஊரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், கணித ஆர்வலர்களைக் கொண்டு ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பியக் கணித இதழ்களையும் புதிய நூல்களையும் ஒரு தனிமனிதர் விலை கொடுத்து வாங்குவது அரிது. உறுப்பினர்கள் சேர்ந்து சந்தா செலுத்தி, அவற்றை வரவழைத்து, அஞ்சல் வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிப் படிப்பதே சங்கத்தின் முதல் நோக்கம். புனே நகரின் பெர்குசன் கல்லூரியில் அதன் நூலகம் அமைந்தது. இச்சங்கமே பின்னர் இந்தியக் கணிதவியல் கழகம் எனப் பெயர் பெற்றது.

1909இல் கழகம் தனக்கென ஓர் இதழைத் தொடங்கியது. பெங்களூர் மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதன் பதிப்பாசிரியர் ஆனார். கட்டுரைகளோடு, வாசகர்கள் கேள்வி அனுப்பவும் பிறர் விடை எழுதவும் இதழில் தனிப் பகுதி இருந்தது. பட்டம் பெறாத ஒருவர் கணித உலகில் நுழைவதற்கு இருந்த எளிய வாயில் இந்தக் கேள்விப் பகுதிதான்.

கேள்விப் பகுதியிலிருந்து தொடக்கம்

கல்லூரித் தேர்வில் தோல்வியுற்று வேலை தேடிக்கொண்டிருந்த இராமானுஜன், 1910இல் திருக்கோவிலூரில் பணியாற்றிய இராமசுவாமி ஐயரைச் சந்தித்து எழுத்தர் வேலை கேட்டார். அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்த இராமசுவாமி ஐயர், வருவாய்த்துறையின் கீழ்மட்ட வேலையில் இத்திறமையை முடக்க விரும்பாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். அவர்களுள் ஒருவரான பி. வி. சேஷு ஐயர் வழியாக இராமானுஜனின் கேள்விகள் 1911ஆம் ஆண்டு இதழில் வெளிவரத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் அவர் அனுப்பிய கேள்விகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை.

அவற்றுள் புகழ்பெற்றது 289ஆம் கேள்வி. பின்வரும் முடிவில்லாத வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன என்று அது கேட்டது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வாசகர் எவரும் விடை அனுப்பாததால் 1912ஆம் ஆண்டு இதழில் இராமானுஜனே விடை தந்தார். விடை 3. அவர் வழி எளிமையானது. 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 = 1 + 2 × 4. இதில் உள்ள 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 3 × 5. அதில் உள்ள 5 என்பது 25இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4 × 6. இவ்வாறு தொடர்ந்தால் கேள்வியில் உள்ள வடிவம் கிடைக்கிறது.

ஆனால் இங்கே ஓர் இடைவெளி உண்டு. இதே முறையை 4 என்ற எண்ணிலிருந்தும் தொடங்கலாம். 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 2 × 7.5. 7.5 என்பது 56.25இன் வர்க்கமூலம், அதையும் 1 + 3 × (ஓர் எண்) என எழுதலாம். இப்படியே போனால் விடை 4 என்றும் வாதிடலாம் அல்லவா? ஆகவே, அந்த வர்க்கமூலங்களை ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திக் கணக்கிட்டு, நிறுத்தும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போகும்போது மதிப்பு 3ஐ நெருங்குகிறது என்று தனியே காட்ட வேண்டும். இராமானுஜன் அதைச் செய்யவில்லை. இத்தகைய வர்க்கமூலங்கள் எப்போது ஒரு மதிப்பை நோக்கிக் குவியும் என்ற நிபந்தனையைப் பின்னர் தந்தவர் தி. விஜயராகவன். 1927இல் வெளியான இராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளில் அது இடம்பெற்றது.

பெர்னூலி எண்கள் பற்றிய கட்டுரை

இராமானுஜனின் முதல் முழுநீளக் கட்டுரை ‘பெர்னூலி எண்களின் சில பண்புகள்’ என்பதாகும். அது 1911 டிசம்பர் இதழில் வெளிவந்தது. அடுத்தடுத்த எண்களின் அடுக்குகளைக் கூட்டும் வாய்பாடுகளில் தோன்றும் பின்னங்களே பெர்னூலி எண்கள். குறிகளை நீக்கிப் பார்த்தால் அவை 1/6, 1/30, 1/42, 1/30, 5/66, 691/2730, 7/6 எனத் தொடர்கின்றன. இவை முறையே 2, 4, 6 என இரட்டைப்படை வரிசை எண்களுக்கு உரியவை.

கையெழுத்துப்படி பதிப்பாசிரியரிடம் சென்றதும் சிக்கல் தொடங்கியது. இராமானுஜன் கும்பகோணத்தில் படித்துத் தேர்ந்த நூல், ஜி. எஸ். கார் என்பவரின் கணிதச் சுருக்கநூல். தேர்வுக்குப் படிப்போருக்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல் இன்றியோ ஓரிரு வரிக் குறிப்புடனோ, வரிசையாகத் தரும் நூல் அது. இராமானுஜனின் எழுத்தும் அதே வார்ப்பில் அமைந்தது. பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் தாளில் எழுதும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அவர் முறைகள் புதியவை, மிகச் சுருக்கமானவை. விளக்கமும் துல்லியமும் போதாமையால் இயல்பான கணித வாசகர் பின்தொடர முடியாது என்று நாராயண ஐயங்கார் கருதினார். ஆயினும் அவர் கட்டுரையை மறுக்கவில்லை. திருத்தக் கோரித் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததை மீண்டும் அனுப்பினார். இவ்வாறு ஒருமுறைக்கு மேல் போய்வந்த பின்னரே கட்டுரை அச்சேறியது.

அப்படி அச்சான கட்டுரையிலும் ஒரு பிழை தங்கிவிட்டது. பெர்னூலி எண்களின் பகுதியில் 2, 3 ஆகிய காரணிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வரும் என்று கட்டுரை கூறியது. இது சரி. ஐரோப்பாவில் 1840இலேயே அறியப்பட்ட ஒரு தேற்றத்திலிருந்து இது கிடைக்கும். ஆனால் பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதி பகா எண்ணாகவே இருக்கும் என்றும் கட்டுரை கூறியது. முதல் சில எண்களைச் சோதித்தால் தொகுதி 1 ஆகவோ, 691, 3617, 43867 போன்ற பகா எண்களாகவோ அமைவதைக் காணலாம். அடுத்து வரும் 20ஆம் பெர்னூலி எண்ணில் தொகுதி 174611. இது 283 × 617. கூற்று அங்கே உடைந்து விடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு எத்தனை எடுத்துக்காட்டுகளில் நிலைத்தாலும் அது நிறுவல் ஆகாது. தேற்றம் எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டும்படி இதழ்கள் வற்புறுத்துவதன் காரணத்தை இந்த எடுத்துக்காட்டில் நேரடியாகக் காணலாம்.

ஹில் தந்த அறிவுரை

1912 மார்ச் 1 முதல் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அங்கு அவருடைய மேலதிகாரியான எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர்; இந்தியக் கணிதவியல் கழகத்தோடு தொடர்புடையவர். இராமானுஜனின் முடிவுகளைப் பிறருக்குப் புரியும்படி விரிக்க வேண்டும் என்று வற்புறுத்திய முதல் சிலருள் அவரும் ஒருவர்.

அதே ஆண்டில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த தம் பழைய ஆசிரியர் எம். ஜே. எம். ஹில் என்பவருக்கு இராமானுஜனின் முடிவுகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். 1 + 2 + 3 + 4 + … = –1/12 என்பது போன்ற முடிவுகளைக் கண்ட ஹில், விரியும் தொடர்களைக் கையாளும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கையை இவர் அறியவில்லை என்று எழுதினார். புரோம்விச் எழுதிய முடிவிலித் தொடர் நூலைப் படிக்கச் சொன்னார். இலண்டன் கணிதவியல் கழகத்துக்குக் கட்டுரை அனுப்புவதானால் கையெழுத்துப்படி தெளிவாக இருக்க வேண்டும், பிழை இருக்கக் கூடாது, விளக்காத குறியீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்.

ஹில் இராமானுஜனின் ஆழத்தை உணரவில்லை. –1/12 என்ற மதிப்புக்கு வேறொரு பொருளில் முறையான விளக்கம் உண்டு. இராமானுஜன் தாம் கொண்ட பொருளைச் சொல்லாததே குறை. எனினும் கையெழுத்துப்படி பற்றி ஹில் சொன்ன மூன்று விதிகளும் இன்று எந்தக் கணித இதழுக்கும் பொருந்தும்.

ஹார்டியும் நிறுவல்களும்

1913 ஜனவரி 16 அன்று இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் வேண்டுகோள் அச்சைப் பற்றியதுதான். தாம் வறியவர் என்றும், மதிப்புள்ளவை எனத் தோன்றினால் தம் தேற்றங்கள் வெளியிடப்பட வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். பிப்ரவரியில் பதில் எழுதிய ஹார்டி நிறுவல்களைக் கேட்டார். தம் முறைகளை எழுதியிருந்தால் நீங்களும் அந்த இலண்டன் பேராசிரியரைப் போலவே நடந்திருப்பீர்கள் என்ற பொருளில் இராமானுஜன் மறுமொழி அனுப்பினார். ஹில்லின் கடிதம் அவர் மனத்தில் தங்கியிருந்தது.

1914இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்ற பின் கட்டுரைகள் விரைந்து வெளிவந்தன. அவருடைய கையெழுத்துப்படிகள் அனைத்தும் ஹார்டியின் கைவழியே இதழ்களுக்குச் சென்றன. தொடக்கக் கட்டுரைகளை ஹார்டி முழுவதுமாகத் திருத்தி எழுதினார். இருவரும் சேர்ந்து எழுதியவை தவிர மற்ற கட்டுரைகளின் முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்பதையும், சிறு உதவிக்குக்கூட நன்றி குறிப்பிடுவதில் இராமானுஜன் மிகக் கண்டிப்பானவர் என்பதையும் ஹார்டி பின்னர் பதிவு செய்தார்.

அச்சில் விடுபட்ட பகுதி

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. (12 அத்தகைய எண், அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உண்டு. 12க்குக் கீழ் எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை.) இப்பணிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் வழங்கியது. போர்க்காலத்தில் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதி வெளியிடப்படவில்லை. அப்பகுதி நிக்கோலா, ரோபின் ஆகிய பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளுடன் 1997இல் ‘இராமானுஜன் ஜர்னல்’ இதழின் முதல் மடலத்தில் வெளிவந்தது. இடையில் 82 ஆண்டுகள் கடந்திருந்தன.

பழைய இதழ்களும் அவருக்கு உதவின. தாம் இந்தியாவிலேயே கண்டறிந்து, நிறுவ முடியாமல் வைத்திருந்த இரு சமன்பாடுகளின் நிறுவல், எல். ஜே. ராஜர்ஸ் 1894இல் எழுதிய கட்டுரையில் இருப்பதை 1917இல் இராமானுஜன் தற்செயலாகக் கண்டார். எவரும் கவனிக்காத கட்டுரை அது. 1919இல் இருவரின் புதிய நிறுவல்களும் ஒரே கட்டுரையாக வெளிவந்தன. அச்சமன்பாடுகள் இன்று ராஜர்ஸ்–இராமானுஜன் முற்றொருமைகள் எனப்படுகின்றன. முன்னவர் பெயரை முதலில் வைக்கும் மரபு இங்கும் காக்கப்பட்டது.

குறிப்பேடுகள்

இராமானுஜனின் ஆய்வுக்கட்டுரைகள் 1927இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. இதழுக்கு அனுப்பப்படாமல் குறிப்பேடுகளில் தங்கிய 3,000க்கும் மேற்பட்ட முடிவுகளின் நிலை வேறு. கேள்வி கேட்கும் பதிப்பாசிரியரை அவை சந்திக்கவில்லை. பெரும்பாலானவற்றுக்கு நிறுவலும் எழுதப்படவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி, பிழையானவற்றைச் சுட்டி, புரூஸ் பெர்ன்ட் ஐந்து மடலங்களாக வெளியிட்டார். முதல் மடலம் 1985இலும் ஐந்தாவது 1998இலும் வந்தன.