மூன்று தாள்களில் ஒரு போர்

ஜப்பானியர் ஆட்சியைப் பாடமாக நடத்துகையில் நாம் பெரும்பாலும் 1941இல்தான் தொடங்குகிறோம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்நாட்டு மக்கள் போரை எந்தக் கண்ணோடு பார்க்கப் பழகினர் என்பதை அவர்களது மரக்கட்டை அச்சு ஓவியங்கள் சொல்லும்.

ஓவியர் வரைந்ததைச் செதுக்குவோர் செர்ரி மரப் பலகையில் வெட்டுவர். வண்ணத்திற்கு ஒரு பலகை. அச்சிடுவோர் அதன்மேல் தாளை வைத்துக் கையால் தேய்த்தெடுப்பர். மூன்று தாள்களை அடுத்தடுத்து வைத்தால் ஒரு போர்க்காட்சி முழுமையாகும். 1894-95 சீன-ஜப்பான் போரின்போது இத்தகைய ஓவியங்கள் ஏறத்தாழ 3,000 வெளிவந்தன என்பர். கோபயாஷி கியோச்சிகா தீட்டிய இரவும் பனியும் வெடியொளியும் மெய்யாகவே அழகியவை. என்னை உறுத்துவதும் அந்த அழகுதான். ஜப்பானிய வீரர் கறுப்புச் சீருடையில் நிமிர்ந்து நிற்பர். சீனர் பகட்டு வண்ண உடையில், பின்னல் சடை பறக்க, சிதறி விழுவர். வரைந்தவருள் பெரும்பாலோர் போர்க்களத்தையே கண்டதில்லை. தோக்கியோவில் அமர்ந்து நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டு வரைந்தனர். மேய்ஜி பேரரசர் 1894இல் போர்த் தலைமையகத்தை ஹிரோஷிமாவுக்கு மாற்றியபோது, அவர் அங்கு வீற்றிருக்கும் காட்சியும் விற்பனைக்கு வந்தது.

1904இல் மூண்ட ரஷ்யப் போருக்குள் புகைப்படமும் அஞ்சலட்டையும் இக்கலையை ஓரங்கட்டிவிட்டன. ஆயினும் அந்தப் பார்வை தொடர்ந்தது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். யமாஷிதாவிடம் பெர்சிவல் சரணடைந்த காட்சியை மியாமோட்டோ சபுரோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதிலும் வென்றவரின் மிடுக்கே முன்னிற்கிறது.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம்மவர் கைக்கு வந்த ஜப்பானியப் படமோ வேறு: 10 வெள்ளி நோட்டில் அச்சான வாழைமரம். 1945இல் போர் முடிந்ததும் அது வெறுந்தாளாயிற்று.

அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அங்கிருந்த போர்க்கைதிகளுள் ரொனால்ட் சியர்ல், ஜாக் சால்கர் போன்றோர் காவலர் கண்ணுக்கு மறைத்துப் படங்கள் வரைந்து வைத்தனர். நம் மக்களின் துயரமோ பெரும்பாலும் வாய்மொழியாகவே வீட்டுக்குள் தங்கிவிட்டது.

ஆகவே போர் ஓவியம் ஒன்றை வகுப்பில் காட்டும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: இதை வரைந்தவர் எங்கே இருந்தார்? இதில் யார் இல்லை? பிறகு, தம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். பெற்றோர்களே, பிள்ளைகள் அக்கேள்வியோடு வந்தால் சற்று நேரம் ஒதுக்குங்கள்.