பிள்ளையின் நஃபகா: தீர்ப்பிலிருந்து கைக்கு

பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைக்கு உணவும் உடையும் அளிக்க வேண்டியவர் யார் என்னும் வினா இஸ்லாமியச் சட்ட வரலாற்றில் பெரும் சர்ச்சைக்கு உள்ளானதில்லை. வசதியுள்ள தந்தையே பொறுப்பாளர் என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. காலந்தோறும் தீராதிருந்த வினா வேறு: விதிக்கப்பட்ட தொகை உரிய நாளில் தாயின் கைக்கு வந்து சேர்வதை உறுதி செய்வது எவ்வாறு? நஃபகாவின் வரலாற்றை இவ்வினாவின் வழியே நோக்க முயல்கிறோம்.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்கிறது. வாரிசின் மீதும் அதே கடமையைச் சுமத்துகிறது. அத்தலாக் அத்தியாயம், மணவிலக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தைத் தரச் சொல்கிறது. அவரவர் வசதிக்கேற்பச் செலவிட வேண்டும் என்றும் அளவுகோல் தருகிறது.

கடமை இருந்தும் கை சுருங்கிய தந்தையின் வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே எழுந்தது. தம் கணவர் அபூசுஃப்யான் போதிய செலவு தருவதில்லை என ஹிந்த் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை வழக்கத்திற்கேற்ப அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அண்ணலார் அனுமதித்தார்கள். இது ஃபத்வாவா, நீதித் தீர்ப்பா என ஃபிக்ஹ் அறிஞர்கள் பின்னர் விவாதித்தனர். ஃபத்வா எனில், அந்நிலையிலுள்ள எந்தத் தாயும் காழியை நாடாமலே எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு எனில், அவையில் இல்லாதவர் மீதும் தீர்ப்பளிக்கலாம் என்பதற்கு அது சான்றாகும். இரண்டுமே தாய்க்கு வலுச்சேர்ப்பவை. ஆனால் எடுத்துக்கொள்ள வீட்டில் பொருள் இருந்தால்தான் முதல் வழி பயன்படும்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அரசின் கருவூலமே பிள்ளைகளை நோக்கி வந்தது. பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே முதலில் உதவித்தொகை வழங்கப்பட்டது. அத்தொகைக்காக ஒரு தாய் குழந்தையின் பாலை முன்கூட்டியே நிறுத்த முயல்வதை ஓர் இரவில் கண்டு கலங்கிய கலீஃபா, பிறந்த நாள் முதலே தொகை வழங்க ஆணையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விதி நல்லதாயினும், வழங்கும் முறையில் உள்ள பிழை பிள்ளையின் வயிற்றைத் தொடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஃபிக்ஹின் ஒரு நுட்பம் இங்கு கவனிக்கத் தக்கது. உறவினருக்கான நஃபகா தேவையை நிறைவேற்றவே உள்ளது. எனவே கடந்துபோன நாட்களின் தொகை, காலம் கழிந்ததும் பொதுவாக நீங்கிவிடும் என்றனர் அறிஞர்கள். இதனால் தாய் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு இழப்பு. இதற்கு மாற்றாக அவர்கள் கண்ட கருவியே 'இஸ்திதானா'. காழி நாள் தொகையை நிர்ணயித்து, தந்தையின் பெயரில் கடன் வாங்கத் தாய்க்கு அனுமதி அளிப்பார். அந்தக் கடன் தந்தையின் தலையில் விழும். உஸ்மானியப் பேரரசின் நீதிமன்றப் பதிவேடுகளில் இத்தகைய அனுமதிகள் நிறையக் காணப்படுகின்றன. தாய்மார்கள் அன்றைய நீதிமன்றத்தை நாடி வந்ததற்கு ஒரு காரணம் இதுவே: பதிவு இல்லையேல் பாக்கியும் இல்லை.

இருப்பினும் கடன் கொடுக்க ஒருவர் வேண்டுமே! பிற்கால எகிப்து அந்த இடத்தை ஒரு வங்கியைக் கொண்டு நிரப்பியது. 1971இல் நிறுவப்பட்ட நாசிர் சமூக வங்கி, நீதிமன்றம் விதித்த நஃபகாவைத் தானே வழங்கிவிட்டுப் பின் கடமைப்பட்டவரிடம் வசூலிக்க வேண்டுமென 1976இன் 62ஆம் சட்டம் பணித்தது. 2004இல் இதற்கெனக் குடும்பக் காப்பீட்டு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. பழைய இஸ்திதானாவின் புதிய வடிவமாகவே இதனைக் காண்கிறோம். கடன் தேடி அலையும் சுமை தாயிடமிருந்து நிறுவனத்திற்கு மாறியது.

இந்தியாவில் பாதை வேறு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு எல்லாச் சமயத்தவருக்கும் மாத உச்சவரம்பாக 50 ரூபாயை வைத்தது. பின்னர் 100 ஆகி, 1955இல் 500 ரூபாயான அவ்வரம்பு 2001இல்தான் நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 125ஆம் பிரிவாயிற்று. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்கு இரண்டு வயது வரை மட்டுமே செலவு கேட்க இடமளிக்கிறது என ஒரு தந்தை வாதிட்டார். உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 1997இல் உச்ச நீதிமன்றம் அதனை மறுத்து, பிள்ளைகளின் 125ஆம் பிரிவு உரிமை தனித்து நிற்பது என்றும், தனியார் சட்டமும் தந்தையின் கடமையை இரண்டு வயதோடு முடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

ஆயினும் தீர்ப்பு வேறு, வசூல் வேறு. செலுத்தத் தவறியவருக்கு ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பாக்கி சேர்ந்த ஓராண்டுக்குள் தாய் மனுச்செய்தாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவும் இதே அமைப்பையே தொடர்கிறது. கடந்த காலத்தின் பசிக்குக் கணக்கு எழுதத் தயங்குவதில் பழைய ஃபிக்ஹும் புதிய சட்டமும் ஒத்திருப்பது வியப்பே. 2020இல் உச்ச நீதிமன்றம், மனுச்செய்த நாள் முதலே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும், இருதரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணமாகத் தர வேண்டும் என்றும் நெறிப்படுத்தியது. ஆனால் தந்தை செலுத்தும் வரை பிள்ளைக்கு முன்பணம் தரும் ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை.

அந்த இடைவெளியில்தான் நம் சமுதாயத்தின் பொறுப்பு தொடங்குகிறது எனக் கருதுகிறோம். மணவிலக்கைப் பதிவு செய்யும் ஜமாஅத், பிள்ளைகளின் மாதத் தொகையையும் அதே ஏட்டில் எழுதி வைக்கலாம். பைத்துல்மால் உள்ள மஹல்லாக்கள் தவறிய மாதத்தை முன்பணமாகத் தந்து, தந்தையிடம் அதனைக் கடனாக வசூலிக்கலாம். இது புதுமையன்று, காழிகள் நடத்திய வழிமுறையே. வாரிசையும் கடமைக்குள் கொண்டுவந்த வசனத்தின் உட்பொருளும், பிள்ளையின் உணவு ஒரு மனிதரின் மனநிலையை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதே அல்லவா?