பிறருக்குத் தொந்தரவு: ஒரு சட்டச் சொற்றொடரின் வரலாறு

பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வது குற்றம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அது எப்போது குற்றமாயிற்று, அதில் குற்றம் என்பது எது என்ற கேள்விகளுக்கு விடை அவ்வளவு எளிதல்ல. பிறர் பார்க்க ஆடை களைவதா குற்றம்? அல்லது அதனால் பிறர் தொல்லைக்குள்ளாவதா? முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்கள் இக்கேள்வியைச் சுற்றியே வந்துகொண்டிருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவனின் எதிர்வாதமும் பெரும்பாலும் இக்கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கதை 1663ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் தொடங்குகிறது. சர் சார்லஸ் செட்லி என்பவர் கவிஞர், நாடகாசிரியர், இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசவையோடு நெருக்கமானவர். காவென்ட் கார்டன் பகுதியில் ஒரு மதுவிடுதியின் மாடத்தில், நண்பர்களுடன் குடித்துவிட்டு, ஆடையின்றி நின்று, கீழே கூடிய கூட்டத்தை நோக்கிக் கேலிப் பிரசங்கம் செய்தார். சிறுநீர் நிறைத்த புட்டிகளைக் கூட்டத்தின் மீது வீசியதாகவும் வழக்குக் குறிப்பு சொல்கிறது. அக்காலத்து நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் இச்சம்பவத்தைத் தம் குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்.

அதுவரை இங்கிலாந்தில் இத்தகைய ஒழுக்கக் குறைகள் திருச்சபை நீதிமன்றங்களின் எல்லைக்குள் இருந்தன. செட்லியின் வழக்கில்தான் மன்னரின் நீதிமன்றம், குடிமக்கள் அனைவரின் ஒழுக்கத்துக்கும் தானே காவலன் என்று அறிவித்துக்கொண்டது. செட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2000 மார்க் அபராதமும் ஒரு வாரச் சிறையும் விதிக்கப்பட்டதோடு நன்னடத்தைப் பிணையும் கேட்கப்பட்டது. ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். ஆக அபராதம் 1333 பவுனுக்கும் மேல். அக்காலத்துக்கு அது பெருந்தொகை. ஆனால் அவர் வாழ்க்கை அதனால் குலைந்துவிடவில்லை. சில ஆண்டுகளிலேயே நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அவர் ஒப்புக்கொண்டுவிட்டதால் ஒரு கேள்வி விசாரிக்கப்படாமலே போயிற்று. அவர் தண்டிக்கப்பட்டது நிர்வாணத்துக்காகவா, புட்டிகளுக்காகவா?

இக்கேள்வி 1727இல் எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளரின் வழக்கில் மீண்டும் எழுந்தது. கன்னி மடம் ஒன்றைக் களமாகக் கொண்ட ஆபாச நூலை வெளியிட்டார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு செட்லி வழக்கை முன்னுதாரணமாகக் காட்டியது. நீதிபதி ஃபார்ட்டெஸ்க்யூ தயங்கினார். செட்லி வழக்கில் வன்செயல் இருந்தது, மக்கள் தலையில் புட்டிகள் விழுந்தன. ஒரு நூலில் அப்படி என்ன இருக்கிறது என்பது அவருடைய ஐயத்தின் சாரம். ஆயினும் பிற நீதிபதிகளின் கருத்தே வென்று, கர்ல் தண்டிக்கப்பட்டார். மாடத்தில் நின்ற ஒரு கவிஞனுக்காக வகுத்த நெறி அறுபது ஆண்டுகளில் அச்சகத்துக்கும் வந்துசேர்ந்தது. இலக்கியத்தின் மீதான ஆபாச வழக்குகளின் வரலாற்றுக்கு அந்த மாடமே மூலம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

1809இல் பிரைட்டன் கடற்கரையில் ஆடை களைந்து குளித்த ஒருவர் மீது வழக்கு வந்தது. கெட்ட நோக்கம் ஏதுமில்லை, நெடுங்காலமாக மக்கள் குளித்துவரும் இடம்தான் என்பது எதிர்வாதம். கரைக்கு எதிரே வீடுகள் அண்மையில்தான் எழுந்திருந்தன. நீதிபதி அவ்வாதத்தை ஏற்கவில்லை. நாகரிக மனிதர் குடியேறிய இடமெல்லாம் நாகரிகத்தின் விதிகளுக்கு உட்பட்டே ஆகவேண்டும் என்றார். குளித்தவர் இடம் மாறவில்லை. இடத்தின் இயல்புதான் மாறிவிட்டது. 'பொது இடம்' என்பது நிலப்படத்தில் கோடிட்டு வைத்த ஒன்றல்ல, யார் கண்ணுக்குப் படுகிறது என்பதைப் பொறுத்தது என்ற கருத்து இவ்வாறு வேர்கொண்டது. 1824இல் வந்த நாடோடிகள் சட்டம், பெண்ணை அவமதிக்கும் நோக்கத்தோடு வெளிப்படையாக உடலைக் காட்டுபவனைத் தண்டனைக்குரியவன் ஆக்கியது. இங்கே 'நோக்கம்' என்பது சட்டத்தின் சொல்லாகவே இடம்பெற்றது. எனவே நோக்கமின்மை எதிர்வாதமாகவும் ஆயிற்று.

இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு முதலில் பாட்டைப் பற்றியதாக மட்டுமே இருந்தது. பொது இடத்திலோ அதன் அருகிலோ, பிறருக்குத் தொந்தரவு உண்டாகும்படி, ஆபாசமான பாடலையோ கதைப்பாடலையோ சொற்களையோ பாடுவதும் சொல்வதும் குற்றம் என்றது. 1895இல் செய்யப்பட்ட திருத்தம் ஆபாசமான செயலையும் சேர்த்துக்கொண்டது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதற்கு முந்தைய 292ஆம் பிரிவு ஆபாசமான நூல்களையும் உருவங்களையும் பற்றியது. கோயில் சிற்பங்களுக்கும் சுவாமி புறப்படும் தேர்களில் உள்ள உருவங்களுக்கும் அங்கே விலக்கு எழுதப்பட்டிருந்தது. நம் ஊர்த் தேர்களின் மரச்சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விலக்கின் அவசியம் புரியும். 294இல் அத்தகைய விலக்கு எதுவும் இல்லை. அதற்கு மாறாக 'பிறருக்குத் தொந்தரவு' என்ற சொற்றொடர் இருந்தது. ஃபார்ட்டெஸ்க்யூவின் ஐயத்துக்கு இங்கே சட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது எனலாம். புட்டி விழுந்ததா என்று கேட்காமல் இனி யாரையும் தண்டிக்க இயலாது.

ஆக, இப்பிரிவின் கீழ் அரசுத் தரப்பு மூன்றை நிறுவவேண்டும். செயலோ சொல்லோ ஆபாசமானதாக இருக்கவேண்டும். அது பொது இடத்தில் நிகழ்ந்திருக்கவேண்டும். சொல்லோ பாட்டோ ஆயின் பொது இடத்தின் அருகிலாவது நிகழ்ந்திருக்கவேண்டும். அதனால் பிறர் தொந்தரவுக்குள்ளாகியிருக்கவேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் குற்றம் இல்லை.

முதலாவதைத் தெளிவாக்க உதவியது ஒரு நாவல். சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' என்ற வங்க நாவல் 1967இல் வெளிவந்து 292ஆம் பிரிவின் கீழ் வழக்குக்குள்ளானது. புத்ததேவ பாசு போன்ற இலக்கியவாதிகள் சாட்சிக்கூண்டில் ஏறி நாவலுக்காகப் பேசினர். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. 1985இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கொச்சையானது அருவருப்பைத் தரலாம், ஆனால் கொச்சை வேறு, ஆபாசம் வேறு என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024இல் ஓர் இணையத் தொடர் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வசைச்சொல்லையும் ஆபாசத்தையும் ஒன்றாகக் கருத மறுத்தது. தமிழகத்தில் வாய்த்தகராறு, தெருச்சண்டை பற்றிய முதல் தகவல் அறிக்கைகளில் 294(பி) வழக்கமாகச் சேர்க்கப்பட்டுவந்த பிரிவு. வெறும் வசவு போதாது, காமத்தைத் தூண்டும் கூறு சொல்லில் இருக்கவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன சொல் சொல்லப்பட்டது என்பதே அந்த வழக்கின் ஆவணங்களில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இரண்டாவது கூறில் எதிர்வாதம் எளிதல்ல. கட்டணம் கொடுத்து நுழையும் விடுதி அரங்கும் பொது இடமே என்று 1985இல் கேரள உயர் நீதிமன்றம் கருதியது. பிரைட்டன் கரையின் தர்க்கத்தை இது நினைவூட்டுகிறது.

மூன்றாவது கூறே வலுவானது. விடுதி நடனம் பற்றிய வழக்கொன்றில் 2004இல் மும்பை உயர் நீதிமன்றம், ஆட்டம் ஆபாசமாகவே இருந்தாலும், பார்த்தவர் எவரும் தொந்தரவுக்குள்ளானதாகக் காட்டப்படாதபோது குற்றம் நிற்காது என்றது. 2023இல் அதே நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, உல்லாச விடுதி ஒன்றில் குட்டைப் பாவாடை அணிந்து பெண்கள் ஆடியது பற்றிய வழக்கை ரத்து செய்தது. ஆபாசம் எது என்பதைக் காவல் அதிகாரியின் தனிப்பட்ட கருத்துக்கு விட்டுவிட முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

இத்தனை எதிர்வாதங்களும் சட்டத்தில் இருக்கின்றன. இவை யாருக்குப் பயன்படுகின்றன என்பதுதான் கேள்வி. இதற்கு விடையாக அமைந்தது 1996இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு. ஹரியானா அரசுத் துறை ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர் 294ஆம் பிரிவின் கீழ்ச் சுருக்கமுறை விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் செலுத்தியிருந்தார். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்ற காரணத்தால் அவரது வேலை பறிபோனது.

உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிரிவின் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துச்சொல்லி, இப்பிரிவின் கீழ்த் தண்டனை பெற்றதாலேயே ஒருவரை ஒழுக்கக்கேடர் என முடிவுகட்ட இயலாது என்றது. ஆயிரக்கணக்கான மக்கள் சுருக்கமுறை விசாரணைகளில் சிறு தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்வதைக் குறிப்பிட்டு, 2000 ரூபாய் வரையிலான அபராதத் தண்டனைகள் அரசு வேலைக்குத் தடையாகாதபடி நாடாளுமன்றம் வழிசெய்யவேண்டும் என்றும் சொன்னது.

லண்டன் கனவானும் ஹரியானா தொழிலாளியும் ஒன்றுதான் செய்தார்கள்: ஒப்புக்கொண்டார்கள். இருவர் விஷயத்திலும் எவரும் எதையும் நிரூபிக்க நேரவில்லை. ஒருவர் 1333 பவுனுக்கு மேல் விதிக்கப்பட்டும் நாடாளுமன்றம் போனார். இன்னொருவர் இருபது ரூபாய் கட்டி வேலையை இழந்தார். அதைக் கேட்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 294 அதில் 296ஆம் பிரிவாகியிருக்கிறது. அபராதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்ற வரம்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 'பிறருக்குத் தொந்தரவு' என்ற சொற்றொடரோ பிரிவின் முகப்பிலேயே நிற்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கூண்டில் நிற்பவனுக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஒப்புதலுக்குமுன் யார், எங்கே, என்ன தொந்தரவுக்கு உள்ளானார்கள் என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது; அதை அவன் காதில் போடுவதற்குத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.